மரியாதை தெரியாத குமிழ்கள்

அந்த இரண்டு விரல்கள் தொட்டால் இரும்பும் பாடும் என்பது இசையமைப்பாளரைப் பற்றி இசையமைப்பாளரே ஊரெல்லாம் சொல்லிவந்த உண்மை. இப்போது அவற்றில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த, பாட்டின் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் புதிய மிடி கன்ட்ரோலரைத் தலைசாய்த்துப் பார்த்தார்.

"பதினாறு குமிழ் சார். ஒவ்வொண்ணுக்குள்ளயும் குட்டி மோட்டார் இருக்கு," என்றாள் விற்பனைப் பெண். "கம்ப்யூட்டர்ல சேமிச்சு வெச்ச அளவுக்கு அதுவே திரும்பி நின்னுக்கும்."

அவளை வேலைக்கு வைத்துப் பார்க்கும் மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. இவர் வாயிலிருந்து "நல்லாயிருக்கு" என்று வந்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் நாளைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

ஒலிப்பதிவாளர் பாட்டை ஓடவிட்டார். பன்னிரண்டு வருடமாக இசையமைப்பாளருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையதுதான். ஆல்பத்தின் அட்டையில் மட்டும் அவர் பெயருக்கு இன்னும் இடம் ஒழியவில்லை.

இசையமைப்பாளர் கண்ணை மூடி ஒரு குமிழைத் திருப்பினார். பாடகியின் குரல் கிணற்றுக்குள் விழுந்தது. இன்னொன்றைத் திருப்பினார். டிரம்ஸ், யாரோ படிக்கட்டில் தகர டப்பாவை உருட்டிவிட்டதுபோல் கேட்டது.

ஒலிப்பதிவாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். பதினாறு குமிழ்களும் 'கிர்'ரென்று சுழன்று, அவர் சேமித்திருந்த இடத்தில் போய் நின்றன. பாட்டு பிழைத்துக்கொண்டது.

"நான் திருப்பினதைத் திருப்ப இதுக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

"வேணாம்னா மோட்டாரை நிறுத்தி வெச்சுக்கலாம் சார்," என்று அவசரமாக நிறுத்தினாள் அவள். அவர் மறுபடி திருப்பினார். பாட்டு முன்பைவிடக் கேவலமானது.

"எடுத்துட்டுப் போம்மா. பாட்டோட கழுத்தை நெரிக்குது."

ஒலிப்பதிவாளர் பாட்டைப் பழையபடி சரிசெய்து ஓடவிட்டார். இசையமைப்பாளர் தன் பழைய கன்ட்ரோலர் பெட்டியை இழுத்து, அதன் குமிழ்களை இடமும் வலமுமாக முறுக்கினார். பாட்டு கொஞ்சமும் கெடாமல் இனித்தது.

"பாத்தியா? பன்னண்டு வருஷம். எப்படித் திருப்பினாலும் ஒருநாள்கூட இது என்னைக் கவுத்ததில்ல. இதுக்கு என் கை தெரியும்!"

அங்கேயே மேலாளருக்குப் போன் போட்டு, "உங்க மெஷினுக்குக் காது கிடையாது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு பேட்டிக்காக வெளியே போனார்.

அவள் கன்ட்ரோலரை அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியை ஒட்ட எடுத்த டேப் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, அதே பாட்டு, அதே கை. எங்க மெஷின்ல மட்டும் ஏன் நாசமாச்சு? குறையைச் சொல்லுங்க, மேலாளர்கிட்ட எழுதிக் குடுக்கணும்."

ஒலிப்பதிவாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"எழுதிக் குடுக்கிற மாதிரி இல்லம்மா," என்றார். "அவரு பழைய பெட்டிக்கு நான் ஒயர் மாட்டினதே இல்ல."