ஏழு விநாடி வாப்பா

எண்பத்து நான்கு படங்கள். எல்லாவற்றிலும் அதே ஆள், அதே வெள்ளைச் சட்டை, அதே மேலப்பாளையத்துத் தெரு.

"இதுல அவுஹ நடக்குறதப் பாக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார் கமர் நிஷா. பக்கத்தில் அவருடைய மகள் தஸ்மியா, ஏழாம் வகுப்புச் சீருடையோடு, என் கம்ப்யூட்டருக்குள் விழுந்துவிடுகிற மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் இருப்பவர் அவளுடைய வாப்பா, அசன் மைதீன். ஜித்தாவில் வேலை பார்த்தவர். இவளுக்கு இரண்டு வயதாகும்போது அங்கேயே நெஞ்சுவலி வந்து இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். வீட்டில் போட்டோவுக்குக் குறைவில்லை. வீடியோ மட்டும் ஒன்றுகூட இல்லை.

வாப்பா எப்படி நடப்பார்? பல மாதமாக அவளுக்கு இந்த ஒரே கேள்விதானாம். கமர் நிஷாவும் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் அவர் மாதிரி நடந்து காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் பழைய போனின் மெமரி கார்டில் இந்தப் படங்கள் கிடைத்திருக்கின்றன. போன் அப்போது புதுசு. ஒரே ஒரு போட்டோ எடுக்க நினைத்த கமர் நிஷா, பட்டனில் வைத்த விரலை எடுக்காமலே நின்றுவிட்டார். போன் தன் பாட்டுக்கு எடுத்துத் தள்ளிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிடு, இடம் அடைக்கும் என்று அசன் மைதீன் போனில் சொன்னாராம். புருஷன் சொல்லி இவர் கேட்காத ஒரே பேச்சு அதுதானாம்.

பத்தொன்பது வருடமாகக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன் நான். இதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. படங்களை மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டேன். விநாடிக்குப் பன்னிரண்டு. கூட்டினால் ஏழு விநாடி.

ஓட்டினேன்.

தெருமுனையில் நின்ற வேன் பக்கத்திலிருந்து சின்னதாக ஒருவர் கிளம்பினார். கையைத் தூக்கி ஆட்டினார். சிரித்தார். வேப்பமரத்தைத் தாண்டி, அடுத்த வீட்டு நடையைத் தாண்டி, கிட்டே கிட்டே வந்து, கடைசியில் திரை நிறைய முகம். படத்தின் வலது ஓரத்தில் ஒரு பிஞ்சுக் கை அவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

அது யாருடைய கை என்று யாரும் தஸ்மியாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது அவரும் இப்படித்தான், தெருமுனையிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். நானும் தங்கச்சி ஆன்லினும் செருப்பில்லாமல் ஓடுவோம். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டு ஆல்பத்தில் எங்கேயும் இல்லை.

கமர் நிஷா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சந்தோஷம் என்று நினைத்தேன். மறுபடியும் ஓட்டினேன்.

"உம்மா, வாப்பா இவ்வளவு பையவா நடப்பாஹ?"

உண்மைதான். ஒவ்வொரு காலையும் தரையைத் தொட்டுப் பார்த்து வைக்கிற மாதிரிதான் நடந்தார்.

"உன்னையே பாத்துக்கிட்டு நடக்காஹல்லா, அதான் பைய" என்றார் கமர் நிஷா.

தஸ்மியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஐந்து தரம் பார்த்தாள். பிறகு வெளியே ஓடிப்போய், கடை வாசலில் ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பைய ஓர் எட்டு, இன்னோர் எட்டு என்று நடந்து பழக ஆரம்பித்தாள்.

ஆறாவது தரம் நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இடது ஓரத்தில், வேப்பமரத்துக்குப் பின்னால், பனியன் போட்ட ஒருவர் சைக்கிளில் போனார்.

சைக்கிள் பின்பக்கமாகப் போனது.

படங்களின் நேரத்தைப் பார்த்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. கடைசியாக எடுத்த படம் பட்டியலில் முதலில் இருந்திருக்கிறது. என் அவசரப் புத்தி, வரிசையைப் பார்க்காமலே அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறேன். சின்னப் பையன்கூடச் செய்ய மாட்டான் இந்தத் தப்பை.

"அக்கா, தலைகீழா ஓடுது. ஒரு நிமிஷம், மாத்திருதேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

கமர் நிஷா வாசலைப் பார்த்தார். மகள் இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.

"மொதத் தடவையே தெரிஞ்சிட்டு தம்பி. வீட்டுக்கு முதுகு காட்ட அவுஹளுக்கு மனசு வராது. எப்பப் பயணம் போனாலும் எங்களப் பாத்துக்கிட்டே, பின்னாலயே நடந்து போய்த்தான் வேன் ஏறுவாஹ. இது கடைசியாப் போனது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்ப வாராஹல்லா. வரட்டும்."

வரிசையை மாற்றப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தஸ்மியா, தூக்கிய கையோடு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் எண்பத்து நான்கு படங்களிலும் இடது ஓரத்தை வெட்டினேன்.

வேப்பமரத்தில் பாதி போயிற்று. சைக்கிள் முழுவதும் போயிற்று.