கடைசிப் பெயர்

"பன்னிரண்டு வருஷமா இதே வேலை. ஒரு கூட்டல் குறி போடத் தெரியாதா உங்களுக்கு?"

எர்னிஸ் போட்ட சத்தத்தில் அந்த பிஷ்கெக் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. சைரகுல் அக்கா மட்டும் பதறாமல் சம்சாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் பத்து நாளுக்கு மேல் சீக்கிரம் கிளம்பியவர்களுக்கு இனி வேலை இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பட்டியல் எடுக்கக் கணினி ஸ்கிரிப்ட் எழுதியது சைரகுல் அக்கா. அது ஒவ்வொருவரின் வருகைப் பதிவையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும். மாட்டியவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கும்.

வந்ததோ ஒரே பெயர். சைரகுல்.

"இங்க பாருங்கக்கா. கூட்டல் குறி இல்லாததால ஒவ்வொரு பேரும் முந்தின பேரை அழிச்சிட்டு உக்காருது. கடைசியா வந்த நீங்க மட்டும் மிஞ்சியிருக்கீங்க!"

"இருந்துட்டுப் போகட்டும். நானும் சீக்கிரம் போனவதானே?"

"மத்தவங்க நோகாம தப்பிச்சுக்குவாங்க, நீங்க மட்டும் வீட்டுக்குப் போகணுமா? அநியாயம்க்கா!"

"தம்பி, அதைத் தொடாதே. சொன்னாக் கேளு."

"தப்பைத் திருத்தக் கூடாதா? நல்லா இருக்கே நியாயம்!"

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். கூட்டல் குறியைத் தட்டினான், ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டான். வந்த பட்டியலைப் படிக்கக்கூட நிற்காமல், அதே ஆத்திரத்தில் இயக்குநருக்கு அனுப்பியும் விட்டான்.

பிறகுதான் படித்தான். ஏழு பெயர்கள். முதல் பெயர் எர்னிஸ்.

"என்னக்கா இது? பிரசவத்துக்கு என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தா. போயிட்டு வான்னு சொன்னதே இயக்குநர்தானே!"

"வாயால சொன்னார். காலையில போய்க் கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சாதிக்கிறார்."

"அடப்பாவி மனுஷா!" எர்னிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "காலையிலயா? அப்ப என் பேர் இருக்கிறது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

சைரகுல் அக்கா பாதி சம்சாவைத் தட்டில் வைத்தார்.

"முதல் தடவை ஓட்டினப்பவே ஏழு பேரும் வந்துச்சு தம்பி. அப்புறம்தான் என் பேரைக் கடைசிக்கு நகர்த்திட்டு, கூட்டல் குறியை அழிச்சேன்."