பட்டறைச் சட்டம்

"சர்வோ மோட்டாரோட டியூனிங் தப்பி அது ஊளையிட்டா, கட்டர் நிக்கவேண்டிய இடத்தைத் தாண்டிடும். அதனால டியூன் பண்றவன் தன் கையைக் கட்டருக்கு முன்னால வைஸ் இடுக்கியில வெச்சுக் காட்டணும். இது என் பட்டறைச் சட்டம்," என்றார் முதலாளி. "போன தடவை ஒருத்தன் கையை இங்கயே விட்டுட்டுப் போனான்."

டியூன் பண்ண வந்திருந்த டெக்னீஷியன் தலை நிமிராமல் கருவிப்பையைத் திறந்தான். ஆட்களின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற வழக்கம் முதலாளிக்கும் இல்லை.

அவன் மோட்டார் ஊளையிடும்வரை, அதன் விறைப்பைக் கூட்டும் கெயின் அளவை ஏற்றினான். ஊளை அடங்கும்வரை இறக்கினான். கையுறை போட்ட வலது கையை வைஸில் இறுக்கிக்கொண்டு பட்டனைத் தட்டினான்.

சுழன்றபடி பாய்ந்து வந்த கட்டர், விரலுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. அவனுக்கு இமைகூட அசையவில்லை. வைஸைத் தளர்த்திக் கையை எடுத்தான்.

"இப்ப நீங்க வைங்க. பயமா இருந்தா வேண்டாம்."

பட்டறையே வேடிக்கை பார்த்தது. முதலாளி வீறாப்பாகக் கையை நுழைத்தார். எலும்பு நெரியுமளவுக்கு வைஸை இறுக்கினான் டெக்னீஷியன். பிறகு கையுறையைப் பல்லால் கடித்து உருவினான்.

உள்ளே இருந்தது ரப்பர் கை.

"டேய், நீயா? வைஸைத் திறடா."

"அன்னைக்கு நானும் அதையேதான் சொன்னேன் ஐயா."

ஆட்களில் ஒருவரும் நகரவில்லை. அவன் இடது கையால் கெயினை ஏற்றினான். மோட்டார் ஊளையிடத் தொடங்கியது.