அரண்மனைக்குப் போன ஆள்காட்டி

ஆள்காட்டிக் குருவியும் கரிச்சான் குருவியும் காட்டில் சேர்ந்தே சேதி சொல்லித் திரிந்தன. புலி வந்தாலும் சரி, வேடன் வந்தாலும் சரி, மறைக்காமல் கத்திச் சொல்லிவிடும். ஒருநாள் சிங்கராஜா, அரண்மனைச் சேதிகளைக் காட்டுக்குச் சொல்லவும் பக்கத்துக் காட்டுத் தூதர்களிடம் பேசவும் ஆள்காட்டியை வேலைக்கு வைத்துக்கொண்டது.

கரிச்சானுக்கு வயிறு எரிந்தது. "அவளைவிட நான் எதில் குறைச்சல்?" என்று கிளைக்குக் கிளை தாவிப் புலம்பியது.

அந்தச் சமயத்தில் ஒரு மான்குட்டி காணாமல் போயிற்று. "ராஜாதான் தின்றாரா என்று கேட்டுச் சொல்லு, தம்பி" என்று தாய்மான் அழுதது. கரிச்சான் அரண்மனைக்குப் பறந்தது.

ஆள்காட்டி கொழுத்துப் பளபளவென்று இருந்தது. "மான்கள்மேல் ராஜாவுக்கு மிகுந்த அக்கறை உண்டு" என்றது.

அதன் பின்னால், தரையில், சின்னக் குளம்பு ஒன்று கிடந்தது. கரிச்சான் அதைப் பார்த்தது. பிறகு அதன் கண் ஆள்காட்டி உட்கார்ந்திருந்த வெள்ளிப் பீடத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

கரிச்சான் வெளியே வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று தாய்மான் ஓடி வந்தது.

"ராஜா பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் துக்கத்தில் இருக்கிறார், அக்கா" என்றது கரிச்சான், உள்ளே சிங்கத்தின் காதில் விழும்படி உரக்க.