தொப்பிக்குள் ஏழு பேர்

“ஒரு வெள்ளைகூடவா இல்ல?” என்று கேட்டபடிதான் வான்னஸ் அந்த கராஜுக்குள் நுழைந்தான்.

வணக்கம் சொல்லவில்லை. மழையில் நனைந்த கோட்டைக் கழற்றவும் இல்லை.

பெட்டோன் ரெக்கார்ட்ஸ் என்ற பெயருக்கு ஓர் அலுவலகமாவது இருக்கும் என்று நம்பி வந்தவன் அவன். இசெகெம் ஊரின் கோடியில், துணி துவைக்கும் மெஷினுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே, லீவன் என்ற ஒற்றை மனிதர் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார். கம்பெனி என்றால் அவ்வளவுதான்.

ரூஸ்ட் என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவின் இசைத்தட்டை பெட்டோன் வெளியிட்டு நான்கு மாதம் ஆகிறது. பதினோரு பாட்டு, மொத்தம் ஒன்பது நிமிடக் கத்தல். விளம்பரத்தில் இருந்தது இது: முந்நூறு பிரதிகள், பெரும்பாலும் பச்சைத் தட்டு, சில மட்டும் வெள்ளை. எது வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். முந்துங்கள், தீரப்போகிறது. ஆளுக்கு ஒன்றுதான்.

அந்த ‘முந்துங்கள்’ வான்னஸின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

ரூஸ்ட் போட்ட கேசட், ஸ்டிக்கர், பாதி கிழிந்த நுழைவுச் சீட்டு வரை எல்லாம் அவனுடைய அலமாரியில் இருந்தன. வெள்ளைத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் சந்து. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது.

லீவன் கையைத் துடைத்துக்கொண்டார். கோபமாக வந்தவனைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம்.

“உக்காருங்க தம்பி. நேர்ல வந்த மொத ஆளு நீங்கதான்.”

அவருக்குப் பின்னால், கூரை வரை, பிரிக்காத பெட்டிகள். வான்னஸ் அவற்றைப் பார்த்தான். தீரப்போகிறது என்றாரே, அதுவா இது?

“விளம்பரம்னா அப்படித்தான் தம்பி. வித்தது ஏழு. எல்லாம் பச்சை. வெள்ளை போட்டதே ஒண்ணுதான். ‘சில’ன்னு எழுதினாத்தான் எடுப்பா இருந்துச்சு.”

வான்னஸின் நான்கு மாத ஏக்கத்தை இந்த மனிதர் வறுவலோடு தொட்டுத் தின்றிருக்கிறார்.

“ஒருத்தர் வாங்கினா அது பைத்தியம்னு விட்டுருவேன். ஏழு பேர் வாங்கினா அது கம்பெனி. அந்த ஏழு பேருக்காகத்தான் அடுத்த மாசம் ரூஸ்ட்டோட ரெண்டாவது தட்டப் போடறேன். இல்லேன்னா எப்பவோ ஷட்டர இறக்கியிருப்பேன்,” என்றார் லீவன்.

பிறகு வெள்ளைத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது யாருக்கு என்று ஏழு பேருக்குள் நடத்த நினைத்திருந்த குலுக்கலை, ஒருவர் நேரில் வந்துவிட்டதால், இப்போதே நடத்திவிடலாமாம். வறுவல் சுற்றிவந்த காகிதத்தைக் கிழித்து ஏழு பெயர்களையும் எழுதினார். ஆர்டரோடு வந்த கடிதங்களிலிருந்து ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. பஸ் ஓட்டும் ஓட்டோ. மனைவிக்குத் தெரியாமல் வாங்கும் ஃப்லோரிமோன். முட்டி வலித்தாலும் காலையில் இதைப் போட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று எழுதிய டீல்ட் ஊர் ஹெட்விக் அம்மாள்.

சீட்டுகள் கம்பளித் தொப்பிக்குள் போயின.

வான்னஸ் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தான். உண்மையில் அவன் தோற்க வழியே இல்லை. ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் மனுஷன் வேறு என்னதான் செய்வான்? அக்கா வீடு, வேலை பார்க்கும் கம்பள ஆலை, பல் டாக்டர் கிளினிக் என்று ஊரெல்லாம் முகவரி கடன் வாங்கி, மதிய இடைவேளைகளில் ஆறு பேரைப் பெற்றெடுத்திருந்தான்.

தொப்பிக்குள் இருந்த ஏழு பேரும் வான்னஸ்தான்.

ஆனாலும் தன் பெயரே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

“ஹெட்விக்,” என்று படித்தார் லீவன். “நல்ல கைக்குத்தான் போகுது.”

ஒரு நொடி வான்னஸுக்கு அந்தக் கிழவிமேல் நிஜமாகவே பொறாமை வந்தது. பிறகுதான் நினைவு வந்தது. வியாழக்கிழமைக்குள் தபால் ஹெட்விக் பெயரில் டீல்ட் பல் டாக்டரிடம் வந்துவிடும். சிரிப்பை அடக்கக் குனிந்து, ஷூ லேஸைக் கட்டுவதுபோல் பாவனை செய்தான்.

நிமிர்ந்தபோது லீவன் கையில் கார்ச் சாவி இருந்தது.

“இதப் போய்த் தபால்ல போடறதா? டீல்ட் இருபது நிமிஷம். வாங்க, அந்தம்மா கையிலயே குடுத்துட்டு வருவோம்.”

‘அது நான்தான்’ என்ற சொல் வான்னஸின் உதடு வரை வந்தது. சொன்னால் வெள்ளை அவனுக்கு. ஆனால் ஏழு பேர் ஒருவர் ஆகிவிடுவார்கள். இரண்டாவது தட்டு வராது. இந்த மனிதர் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

“அந்தம்மா தவறிட்டாங்கண்ணே,” என்றான். “எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.”

லீவன் தொப்பியைக் கவிழ்த்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மீதி ஆறு பேரும் தரையில் உதிர்ந்தார்கள்.

“அப்ப அவங்க கல்லறையில வெச்சிருவோம்.”

உடைந்துவிடக் கூடாதே என்று தட்டை வான்னஸின் மடியில் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். உறை வழியாகவே வெள்ளை தெரிந்தது. நினைத்ததைவிட லேசாக இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“எந்தப் பக்கம் தம்பி?”

“இடது பக்கம்ணே.”

டீல்ட்டை அவர்கள் சுற்றுவது இது மூன்றாவது முறை.