இறங்காத மண்

மலை முழுவதும் இறங்கியிருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் இறங்கவில்லை.

சர்வேயர் அளவுகோலை மறுபடி நட்டுப் பார்த்தாள். மறுபடியும் அதே கணக்குத்தான் வந்தது.

குப்பை மலை என்றால் இறங்கத்தான் வேண்டும். அடியில் களிமண், அதன்மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் ஊரே தின்று கழித்த குப்பை, உச்சியில் மண்ணும் புல்லும். உள்ளே மக்க மக்க, வயதான உடம்பு வற்றுவதுபோல மலை வருடா வருடம் தணியும். எங்கே எவ்வளவு தணிந்தது என்று அளந்து சொல்வதுதான் இவள் பிழைப்பு.

இரவு பெய்த மழை பள்ளமான இடமெல்லாம் தேங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு மேடு மட்டும் தண்ணீர் தேங்காமல் நீட்டிப் படுத்திருந்தது. சுற்றித் தண்ணீர் நின்றதால், இதுநாள் வரை தெரியாத அதன் நான்கு மூலைகளும் இன்று தெரிந்தன.

அவள் அதன் நீள அகலத்தை அளந்தாள்.

சூப்பர்வைசர் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்து மேட்டின்மேல் ஏறி நின்றார். பின்னால் புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது.

“இதுக்குப் போயா மேடம் இவ்ளோ நேரம்? மேட்டைச் சீவிப் பள்ளத்துல தள்ளினா எல்லாம் ஒரே மட்டம். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம்.”

நல்ல மனிதர்தான். புதிதாக வந்தவர். இந்த மலையின் கதை அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இந்த இடம் இன்னும் மண் மூடாத குப்பைக்குழியாகத் திறந்து கிடந்த காலம் அது. விடாமல் பெய்த மழையில் ஒருநாள் குப்பைச் சரிவு அப்படியே பெயர்ந்து விழுந்தது. அன்றைக்கே ஒரு லாரி காணாமல் போனது. அதை ஓட்டியவரையும் காணோம்.

தோண்டினால் அடியில் விரிப்பு கிழியும், அழுகல் நீர் ஊர்க் கிணறுகளுக்குப் போகும், கிடங்கையே இழுத்து மூடவேண்டி வரும் என்று நிர்வாகத்தார் சொன்னார்கள். அதனால் தோண்டவில்லை. ஓட்டுநர் பின்வாசல் வழியாக லாரியை வெளியூர்ச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான், விற்றுத் தின்றிருப்பான் என்று சொல்லிவிட்டு, சரிந்த குப்பைமேல் மண்ணைக் கொட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் வேறென்ன?

ஊர் சும்மா இருக்குமா? கை வைத்து, கால் வைத்து, கதைக்குள் ஒரு பெண்ணையும் ஏற்றி அவரோடு அனுப்பிவைத்தது.

பள்ளிக்கூடத்தில் இவளுக்கு ‘லாரித் திருடன் மகள்’ என்று பெயர் விழுந்தது.

அம்மா அழவே இல்லை. “எங்கயாவது நல்லா இருந்து தொலையட்டும்” என்று தினமும் திட்டினாள். திட்டுவதற்காவது அவர் உயிரோடு இருக்கவேண்டியிருந்தது.

மகள் சர்வே படித்தாள். வேறு நல்ல வேலைகள் வந்தும் இங்கேயே வந்து சேர்ந்தாள். முதல் வருடமே இந்த இடத்தில் மண் லேசாகப் புடைத்திருந்தது. பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கருவிக்குத் தெரியும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் புடைத்தது. யாரிடமும் மூச்சுவிடாமல் அவள் காத்திருந்தாள்.

மலை இறங்க இறங்க, அப்பா மேலே வந்துகொண்டிருந்தார்.

குப்பை லாரிகள் நாள் முழுக்க அவள் கண்முன்னால் போய்வருகின்றன. ஒன்றின் நீள அகலம் என்ன என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

குப்பைக்குள் சேரும் வாயுவை வெளியேற்ற மேட்டை ஒட்டி நட்டிருந்த குழாய் உஸ்ஸென்று மூச்சுவிட்டது. இத்தனை வருடமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் மதியச் சோறு சாப்பிட்டாள். இன்று அதைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

“வண்டிய அணைக்கச் சொல்லுங்க சார்,” என்றாள். “உள்ள ஆள் இருக்கு.”

சூப்பர்வைசர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, மேட்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கினார். புல்டோசரை நோக்கிக் கையைக் காட்டினார். உறுமல் நின்றது.

அவள் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, அப்பா எங்கயும் ஓடிப் போகல. இங்கதான் இருக்காரு. லாரியோட, மண்ணுக்குள்ள.”

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அம்மா அணைக்கப் போகவில்லை.

அம்மா கேட்டாள்: 

“வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?”

லாரி காணாமல் போன அன்று காலை நடந்த சண்டை புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும் என்று அம்மா இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். ‘போனா போனபடியே இரு, திரும்பி வராத’ என்றாள் அம்மா. ‘இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னைச் செருப்பால அடி’ என்றார் அப்பா. அதுதான் கடைசிப் பேச்சு. போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள்.

அவள் மேட்டைப் பார்த்தாள்.

ஒரு முனை பின்வாசலை, வெளியூர்ச் சாலையைப் பார்த்திருந்தது. மறுமுனை முன்வாசலை, அதற்கு அப்பால் வீட்டுக்குப் போகும் தெருவைப் பார்த்திருந்தது. இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சரிவில் லாரி எத்தனை தடவை புரண்டதோ, அது அந்த மண்ணுக்குத்தான் வெளிச்சம். எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் அது சொல்லாது.

“வீட்டப் பாத்துதான்மா நிக்குது.”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள்.