மோசமாகவே அணி

“நாங்கள் பட்டதிலை பாதியும் எங்கடை பிள்ளையள் படாதுகள்...”

மன்னாரில் சந்தியாம்பிள்ளை மூப்பர் கோயில் கூட்டங்களில் இப்படித்தான் தொடங்குவார். பிறகு இன்னும் ஏதோ சொல்லி முடிப்பார். அது என்னவென்று அன்ரனிக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வராவிட்டால் போகட்டும். வந்த பாதி பிழையென்று நிறுவத்தானே அன்ரனி மேடையேறப்போகிறார்!

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் தமிழ்ப் பங்கின் மாதா திருநாள். பூசை முடிந்து மண்டபத்தில் பட்டிமன்றம். ‘வருங்காலத் தலைமுறை வாழப்போவது நன்றாகவா, மோசமாகவா?’

அன்ரனி ‘மோசமாகவே’ அணித் தலைவர்.

அவருக்கு அது விளையாட்டில்லை. பொலிதேயாமாப் பக்கத்து வீடொன்றில் அவர் பராமரித்த இத்தாலியக் கிழவி, சின்யோரா, போன கோடையில் சூடு தாங்காமல் அவர் கண்முன்னாலேயே செத்துப்போனார். மலையில் மூண்ட தீ, நகரத்துக் கூரைகளில் சாம்பலைக் கொட்டியது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் வெறும் வாளிகளைப் பார்த்தபடி இருப்பார்.

அந்தப் பயத்தையெல்லாம் பேச்சாக்கி, கண்ணாடிக்கு முன்னால் நின்று நாள்தோறும் ஒத்திகை பார்த்தார். “இனிப் பிறக்கிற பிள்ளையள் எங்களை மன்னிக்காதுகள்!” என்று முடிக்கும்போது அவர் குரலே நடுங்கும்.

“எப்பிடி, பிள்ளை?” என்று மகள் அமலினியைக் கேட்பார். கலியாணம் கட்டி ஒரு வருசம். மருமகன் றொஜரோடு அவளும் அதே வீட்டில்தான்.

“கேக்கப் பயமாக் கிடக்கப்பா.”

அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அணியில் அவருக்கு முந்திய பேச்சாளர் ஜோக்கிம். மன்னாரிலிருந்தே கூட்டாளி. நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. அந்தத் தீயில் மரத்தோடு கருகிய காய்களைக் கையால் பிடுங்கி எறிந்தவர். ஜோக்கிம் வாயைத் திறந்தால் சபை கலங்கும், பிறகு நான் முடித்துவைப்பேன் என்பது அன்ரனியின் கணக்கு.

ஜோக்கிம் வாயைத் திறந்தார்.

“நடுவர் அவர்களே, நான் மாத்திக் கதைக்கப்போறன். வாற பிள்ளையள் நல்லாத்தான் வாழுங்கள்!”

சபை ஓவென்றது.

“மரங்கள் கருகினது உண்மை. ஆனா அடியிலை துளிர் வந்திருக்கு, என்ரை கண்ணாலை கண்டனான். எங்கடை பிள்ளையள் எங்களைவிடக் கெட்டிக்காரர். ஏதோ ஒரு வழி கண்டுபிடிப்பினம். ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ!”

விசில். கைதட்டல். எதிரணிக்காரர் எழும்பி நின்றே தட்டினார்கள்.

எதிரணித் தலைவர் பேசத் தொடங்க, அன்ரனி ஜோக்கிமின் கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்துப் போனார்.

“கட்சி மாற எத்தினை ரோல்ஸடா தின்னத் தந்தவங்கள் உனக்கு?”

“ஒண்டும் தரேல்லை மச்சான்.”

“அப்ப பாதருக்கு முன்னாலை நல்ல பிள்ளை வேசம் போட்டனியோ? துரோகி! முந்தநாளும் என்னோடை இருந்து, எல்லாம் செத்துப்போச்செண்டு அழுதனி. அந்தத் துளிர் எங்கையடா முளைச்சது?”

“எங்கையும் முளைக்கேல்லை. தோட்டம் முழுக்க விறகுதான் கிடக்கு.”

“அப்ப பொய்யோ? மாதா திருநாளிலை, சபைக்கு முன்னாலை?”

“ஓம்.”

“வெக்கமில்லாமல் ஓம் எண்டுறான் பார்!”

ஜோக்கிம் குசினிக் கதவைச் சாத்தினார்.

“நேற்று ஒரு பிள்ளை எங்கடை வீட்டை வந்து, என்ரை மனுசி யூலியானாவைக் கட்டிப்பிடிச்சு அழுதது. வயித்திலை ரண்டு மாசம். புருசனுக்கும் இன்னும் சொல்லேல்லை. பிள்ளை வேண்டாமாம். திங்கக்கிழமை டொக்டரிட்டைப் போகப்போறாளாம்.”

“அதுக்கும் உன்ரை பேச்சுக்கும் என்ன?”

“இஞ்சை வந்து இருக்கிறாளடா. அவளுக்காகத்தான் கதைச்சனான். பிறக்கிற பிள்ளை தன்னை ஒரு நாளும் மன்னிக்காதாம். அப்பிடித்தான் சொல்லிச் சொல்லி அழுதவள்.”

அன்ரனிக்கு நெற்றி வேர்த்தது.

“அது... என்ரை வசனமல்லோ?”

“ஓம். உன்ரை வசனம்தான்.” ஜோக்கிம் நிலத்தைப் பார்த்தார். “அழுத பிள்ளையும் உன்ரைதான். அமலினி.”

மண்டபத்தில் யாரோ பகிடி சொல்லியிருக்கவேண்டும். கதவைத் தாண்டிச் சிரிப்புக் கேட்டது.

“உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவள்,” என்றார் ஜோக்கிம். “நீ துரோகி எண்டவுடனை வாய் திறந்திட்டன். டொக்டரிட்டை என்ன முடிவெடுக்கிறதெண்டது அவளின்ரை பாடு. ஆனா நாங்கள் ரண்டு பேரும் மைக் பிடிச்சுக் கத்துறதைக் கேட்டு அவள் அதை எடுக்கக்கூடாது.”

“உனக்குப் பயமில்லையோ ஜோக்கிம்?”

“ஏனில்லை? நான் சொன்ன ஒரு சொல்லையும் நானே நம்பேல்லை.”

ஒலிபெருக்கி கரகரத்தது.

“அடுத்ததாக, மோசமாகவே அணித் தலைவர் அன்ரனி அவர்கள்! ஒருத்தர் கட்சி மாறிப்போனார். தனிச்சு நிண்டு என்ன செய்யிறார் எண்டு பாப்பம்!”

கைதட்டலுக்கு நடுவே அன்ரனி நடந்தார். மூன்றாவது வரிசையில் அமலினி, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேடையேறினார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நடுவர் அவர்களே, ஜோக்கிம் கண்ட துளிரை நானும் கண்டனான். எங்கடை அணி தோத்திட்டுது,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.